வளர்ச்சி இல்லை

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காவலூர் போய் வந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தை என்னையே அரித்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அவர், அண்ணி, ஆறாவது படிக்கும் அவர்கள் மகள், வேலூரிலிருந்து நான் என்று நாலு பேர் கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டி ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு ஜவ்வாது மலைப் பாதையில் ஏறும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. வான் ஆய்வகம் இருக்கும் காவலூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். உள்ளே விளக்கு அதிகம் இல்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பார்வையாளர்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் நின்றோம். அன்றைக்கு வியாழனைக் காட்டினார்கள். வெளிர்மஞ்சளாய் ஒரு வட்டம், குறுக்கே மங்கலாக இரண்டு பட்டை, பக்கத்தில் நூலில் கோத்த மாதிரி நாலு புள்ளிகள். அண்ணன் மகள் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்த பிறகுதான் இறங்கினாள்.

இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த அத்தனையையும் காட்டிக் கேட்டாள்: "அத்தை, இதுல எங்கியாச்சும் யாராவது இருக்காங்களா?"

நான் சொன்னேன்: "ரொம்ப வருஷமா தேடிப் பார்த்துட்டாங்க கண்ணு. யாரும் இல்லை."

சரி என்று தலையாட்டினாள். வண்டியில் திரும்பும்போது வளைவுகளில் கீழே வாணியம்பாடி விளக்குகள் தெரிந்தன. அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி ஒன்றும் பேசாமல் வந்தாள். தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இருபத்து மூன்று வருடமாக நான் செய்யும் வேலையே, அந்தப் பதிலைச் சொல்லாமல் இருப்பதுதான்.

நான் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். சளி, சிறுநீர், ரத்தம், சீழ் என்று வருவதைப் பிளேட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இதைக் கல்ச்சர் என்போம். வளர்ந்தால் அதன் பெயரை எழுதுவோம். வளராவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவோம். அந்தச் சொல்லோடு எப்போதும் ஒரு எண் இருக்கும். '48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை', '5 நாட்களில் வளர்ச்சி இல்லை'. 'கிருமி இல்லை' என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுத மாட்டோம். வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது.

குடியாத்தம் அம்மா

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் வீட்டில் பீடி சுற்றுபவர்கள். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், கழுத்தில் நெறி கட்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் பாதியைச் சாதாரண கல்ச்சருக்கும் மீதியை டிபி கல்ச்சருக்கும் போட்டோம். டிபிக்கான ஸ்மியரில், அதாவது கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாதாரண பிளேட்டும் சுத்தமாக இருந்தது. ரிப்போர்ட் வாங்க அந்த அம்மா வந்தபோது கவுன்ட்டரில் நான் இருந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா போட்டுக்கீது?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். முகம் மலர்ந்துபோய், எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

டிபி கல்ச்சர் பாட்டிலைப் பார்த்திராதவர்களுக்கு: முட்டை கலந்த மீடியத்தை (கிருமிக்கான சாப்பாடு) சின்னப் பாட்டிலில் சாய்வாக உறைய வைத்திருப்பார்கள். உள்ளே சேர்க்கும் சாயத்தால் இளம்பச்சையாக இருக்கும். மற்றக் கிருமிகள் பல இருபது முப்பது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். டிபி கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதனால் அந்தப் பாட்டில்களை எட்டு வாரம் வைத்திருப்போம். வாரம் ஒரு தரம் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி உள்ளே வைக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பாட்டிலில் முதல் வாரம் வெறும் பச்சை. மூன்றாவது வாரமும் அப்படியே, ஆறாவது வாரமும் அப்படியே. ஏழாவது வாரம் எடுத்துப் பார்க்கிறேன், சாய்வின் அடிப்பக்கத்தில் ரஸ்க்கைப் பொடித்துத் தூவின மாதிரி மூன்று துணுக்குகள். பாட்டிலைத் திருப்பினேன். கண்ணாடியில் ஒட்டிய தூசி இல்லை, உள்ளேதான் இருந்தது. சொரசொரப்பாக, வெளிறிய பழுப்பாக இருந்தது. ஸ்மியர் போட்டுப் பார்த்ததில் டிபி கிருமி சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தது.

அந்த அம்மா திரும்பி வரவே இல்லை. ஏன் வருவார்? நான்தான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேனே. விலாசத்தை வைத்து ஆள் அனுப்பிக் கண்டுபிடித்தார்கள். பெண் பாதியாக இளைத்திருந்தாள். மருந்து ஆரம்பித்து, ஆறு மாதத்தில் தேறிவிட்டாள் என்பதுதான் ஆறுதல். திரும்ப வந்த அன்றைக்கு அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒண்ணும் இல்லன்னு சொன்னியேம்மா, அதான் நாங்க கம்முனு இருந்துட்டோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இன்றுவரை கவுன்ட்டரில் யாரிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. அந்த ஜனவரி ராத்திரி, ஒரு குழந்தை கேட்டதும் சொல்லிவிட்டேன்.

எந்தப் பாட்டிலில் தேடினார்கள்

வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடும் கதை எனக்குப் புதிது இல்லை. பத்திரிகைகளில் வருவதையெல்லாம் படித்தே வளர்ந்தவள். ஆனால் காவலூருக்குப் பிறகு அதை ஒரு லேப்காரியாகத் திரும்பப் படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: காவலூரில் நடப்பது இந்தத் தேடல் இல்லை. அங்கே இருப்பவை ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கிகள். வேற்றுலகத் தேடலில் பெரும்பகுதி ரேடியோ அலையில் நடக்கிறது.

1959இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அண்டத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன். அது 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், தானாகவே ரேடியோ அலையை வெளியிடுகிறது. வானத்தை ஆராயும் யாருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். எனவே சொல்லிவைக்காமல் சந்திக்க வேண்டுமென்றால் அங்கே சந்திக்கலாம் என்பது அவர்கள் யோசனை. இது எனக்கு உடனே புரிந்தது. செல்போன் இல்லாத காலத்தில் வேலூர் பஜாரில் கூட்டத்தில் அப்பாவை விட்டுவிட்டால் நேராகக் கோட்டை வாசலில் போய் நிற்பேன். அங்கே வா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் அங்கேதான் வந்து நிற்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால், நாங்கள் இருவரும் வேலூர்க்காரர்கள் என்பதால்தான் அது நடந்தது. கோட்டையே தெரியாத ஊரிலிருந்து வந்தவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார். ஹைட்ரஜனின் எண்ணை எல்லாரும் கோட்டை வாசலாக நினைப்பார்கள் என்பது நல்ல ஊகம். ஊகம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் வேலையில் இதை மீடியம் தேர்வு என்போம். எந்தக் கிருமிக்கு என்ன சாப்பாடு வைக்கிறோமோ அதுதான் வளரும். டிபி கிருமியைச் சாதாரண பிளேட்டில் போட்டு இரண்டு நாள் காத்திருந்தால் ஆயிரம் பிளேட் போட்டாலும் வளராது. 1960 ஏப்ரலில் அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் முதல் தேடலைத் தொடங்கினார். 26 மீட்டர் ஆன்டெனா, ஒரே ஒரு சேனல், டௌ செட்டி, எப்சிலான் எரிடனி என்று இரண்டே நட்சத்திரங்கள். அப்போதிருந்த கருவிகளுக்கு அதுவே பெரிய காரியம். ஆனால் 'அறுபது வருடத்துக்கு மேல் தேடிவிட்டார்கள்' என்று நாம் சொல்லும்போது அந்த அறுபதில் இந்த ஒற்றைச் சேனலும் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கு இதைவிட என்னை உலுக்கியது. 2018இல் வானியலாளர் ஜேசன் ரைட்டும் அவரோடு வேலை செய்தவர்களும், தேட வேண்டிய இடம் மொத்தத்தையும் (எத்தனை நட்சத்திரம், எந்த அலைவரிசை, எவ்வளவு நேரம், எவ்வளவு மெல்லிய சிக்னல் என்று எல்லாவற்றையும் சேர்த்து) பூமியின் கடல்கள் என்று வைத்துக்கொண்டு, இதுவரை தேடியது எவ்வளவு என்று பார்த்தார்கள். சுமார் 7,700 லிட்டர் வந்தது. கோடையில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி அதைவிட அதிகம் கொண்டுவரும். அந்த லாரித் தண்ணீரில் மீன் இல்லை என்றால், கடலைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

காத்திருப்பதிலும் அப்படித்தான். நாசா 1992 அக்டோபர் 12 அன்று பெரிய அளவில் ஒரு தேடலைத் தொடங்கியது. ஒரு வருடத்தில், 1993இல், அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது. எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இரண்டாவது நாளே இன்குபேட்டரின் பிளக்கைப் பிடுங்கிய கதை. அப்புறம் அந்த வேலை பெரும்பாலும் தனியார் கொடுத்த பணத்தில்தான் பிழைத்தது. 2015இல் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் திட்டமும் அப்படிப்பட்டதே. அவர்கள் 2017இல் வெளியிட்ட முதல் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. 692 நட்சத்திரங்கள், 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். இந்த அளவுக்கு மேல் சக்தியுள்ள சிக்னல் தென்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எங்கள் லேபின் தாளைப் பார்த்த மாதிரி இருந்தது. எதைத் தேடினோம், எதில் தேடினோம், எவ்வளவு நேரம் தேடினோம் எல்லாம் அதில் இருக்கிறது. அதே முடிவு செய்தித்தாளுக்கு வரும்போது எண்களெல்லாம் உதிர்ந்து, 'வேற்றுக்கிரகவாசிகள் இல்லை' என்று ஆகிவிடுகிறது. ரிப்போர்ட் சரி, கவுன்ட்டரில்தான் தப்பு. நான் செய்த அதே தப்பு.

ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால்

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாததை இருக்கிறது என்று சொல்வதும் எங்கள் வேலையில் ஆளைக் கெடுக்கும். தேவையில்லாத மருந்து ஏறும். பிளட் கல்ச்சருக்கு இரண்டு கையிலிருந்து இரண்டு தனித்தனி சாம்பிள் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஒன்றில் மட்டும் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி வளர்ந்து மற்றதில் வளரவில்லை என்றால், ஊசி போட்ட இடத்திலிருந்தோ எங்கள் கையிலிருந்தோ ஒட்டிக்கொண்டதாக இருக்கும். இரண்டிலும் வளர்ந்தால்தான் டாக்டருக்கு உடனே போன் போவது.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹியோவில் 'பிக் இயர்' என்ற ரேடியோ தொலைநோக்கியில் 72 விநாடிகள் ஒரு பலமான சிக்னல் பதிவானது. சில நாள் கழித்துத் தாளில் அதைப் பார்த்த ஜெர்ரி ஈமன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் பல வருடமாக அறிந்திருந்த கதை இவ்வளவுதான். அந்தத் தொலைநோக்கிக்கு அடுத்தடுத்து இரண்டு வாங்கிகள் இருந்தன என்பதைப் போன மாதம்தான் படித்தேன். பூமி சுழலும்போது வானத்தில் உள்ள ஒரு பொருள் ஒன்றில் பட்டுச் சில நிமிடத்தில் இன்னொன்றிலும் பட வேண்டும். 'வாவ்' ஒன்றில் மட்டுமே இருந்தது. படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாட்டிலில் ஒன்று! அதன்பிறகு அதே திசையில் எத்தனையோ முறை பார்த்தும் திரும்ப வரவில்லை. எங்கள் லேபாக இருந்தால் 'மறுபடி சாம்பிள் அனுப்பவும்' என்று எழுதியிருப்போம். வானம் மறுபடி சாம்பிள் அனுப்பவில்லை. என்ன என்று இன்றும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அதே 1977இல், மார்ச் 10ஆம் தேதி, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒன்று நடந்தது. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கியது. அதை வைத்து யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எழுதினார்கள். விமானத்தில் பறந்தபடி அதே காட்சியைப் பதிவு செய்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளுக்கு இந்தப் பக்கம் மங்கிய மாதிரியே அந்தப் பக்கமும் மங்கியது கிடைத்தது. அது துணைக்கோள் இல்லை, வளையங்கள். காவலூர் பார்த்தது பொய் இல்லை. கண்டதை என்னவென்று சொல்ல இன்னொரு பாட்டில் தேவைப்பட்டது.

நம் கையிலிருந்தே ஒட்டிக்கொள்வதும் அங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வருடக்கணக்காகக் குழப்பிய ஒரு வகை ரேடியோ துடிப்பு, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை நேரம் முடிவதற்குள் திறந்ததால் வந்தது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அதே தொலைநோக்கி 2019இல் பிராக்ஸிமா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னலைப் பிடித்தது. அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போது வந்தது, திருப்பினால் மறைந்தது. நம்பத்தான் தோன்றும். அவர்கள் அவசரப்படவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி, அதே சாயலில் வேறு அலைவரிசைகளில், வேறு திசையைப் பார்க்கும்போதும் வந்தவற்றைக் கண்டுபிடித்து, இது பூமியின் கருவிகளிலிருந்து வந்ததுதான் என்று 2021இல் சொன்னார்கள். தங்கள் கையில் கிடைத்த மிகப் பெரிய செய்தியைத் தாங்களே கன்டாமினேஷன் (வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அண்ணனின் கேள்வி

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறு இடத்தில் பிடித்தார். "இருந்தா இந்நேரம் வந்திருக்கணும் இல்ல? இத்தனை கோடி வருஷம் ஆச்சே." 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மதியச் சாப்பாட்டின்போது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான், எல்லாரும் எங்கே? பலமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். உண்மையிலேயே யாரும் இல்லாமல் இருக்கலாம். என் மேசைக்கு வரும் சாம்பிள்களில் வளராதவை பலவும் நிஜமாகவே சுத்தமானவை. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறது. 1974இல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அது போய்ச் சேர ஏறக்குறைய 25,000 வருடம். நாம் போட்ட கடிதமே இன்னும் தெருமுனை தாண்டவில்லை. நம் டிவி கோபுரங்களைப் போல ஒரு நாகரிகம் பக்கத்து நட்சத்திரத்தில் அலையைக் கசியவிட்டுக்கொண்டிருந்தால்கூட, இதுவரை நடந்த தேடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டியிருக்காது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை. அவர் 'இல்லை' என்று நம்புவதில் எனக்குச் சண்டை இல்லை. தேடி முடித்தாகிவிட்டது என்று நான் சொன்னதில்தான் எனக்குச் சண்டை.

அன்றைக்கு அவள் பார்த்த நாலு புள்ளிகளில் ஒன்று கானிமீட், வியாழனின் துணைக்கோள். 1972இல் அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரிலும் ஜாவாவிலும் பார்த்தவர்கள், அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்றார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் பக்கத்திலேயே போய்ப் பார்த்து, அவ்வளவெல்லாம் இல்லை என்றது. 1990களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று இருபது வருடத்துக்கு மேல். கானிமீட் மாறவில்லை. தேடிய கருவிதான் ஒவ்வொரு தடவையும் வேறு. நம் சூரியக் குடும்பத்துக்குள், சிறிய தொலைநோக்கியில் ஒரு குழந்தை பார்க்கும் புள்ளிக்கே இத்தனை பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னிக்கு அத்தை தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். குடியாத்தம் பாட்டிலின் கதையைச் சொன்னேன். செல்போனில் டிபி கல்ச்சர் பாட்டில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி அந்தத் துணுக்குகளைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு வானத்தைத் தேடியவர்கள் எந்த மீடியத்தில், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதைச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். ஆனால் கவனமாகக் கேட்டாள்.

"டிபி பாட்டிலுக்கு எட்டு வாரம்" என்றாள். "ஆமா." "அப்ப இதுக்கு எத்தனை வாரம் அத்தை?"

"அது யாருக்கும் தெரியாது கண்ணு."

கொஞ்சம் யோசித்தாள். "இப்ப எத்தனாவது வாரம் நடக்குது?" என்றாள். அதற்கும் பதில் தெரியாது என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால் மறுபடி காவலூர் போகலாமா என்று கேட்டுவிட்டு, அப்பாவிடம் வண்டி கேட்க எழுந்து ஓடினாள்.